கடையில ஒரு கலரு, வாசல்ல ஒரு கலரு: வாசகர் கேள்வி பதில்

வெளிச்சம் மாறினா கலர் ஏன் மாறுதுன்னு கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல ஒரே ஒரு வரிதான் போட்டிருந்தோம். வந்து குவிஞ்சதுல பாதிக்கு மேல சேலை ப்ளவுஸ் பஞ்சாயத்துதான். அதையே முதல்ல எடுத்துக்கறேன், மத்தது பின்னாடி வருது.

அரக்கு கலர் பட்டுச் சேலைக்கு மேட்சிங் சென்டர்ல ப்ளவுஸ் பிட் எடுத்தேன். கடைக்குள்ள ஒட்டி வச்சுப் பார்த்தா அச்சு அசலா ஒரே கலர். வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல பிரிச்சுப் பார்த்தா ப்ளவுஸ் ஒரு மாதிரி ப்ரவுனா இருக்கு. திரும்பப் போய்க் கேட்டா "இங்க பாருங்கம்மா, கரெக்டாத்தானே இருக்கு"ங்கறார். யார் சொல்றது சரி? (ஒரு வாசகி, ஈரோடு)

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் மேடம், அதுதான் இதுல கொடுமையே. கடைக்குள்ள நிஜமாவே ஒரே கலர்தான், பஸ் ஸ்டாப்ல நிஜமாவே வேற கலர்தான். துணிக்குன்னு நிரந்தரமா ஒரு கலர் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நாம நினைக்கறோம்ல, அங்கதான் பிரச்சினை ஆரம்பிக்குது.

நம்ம கண்ணுல கலர் பார்க்கறதுக்கு மூணு வகை கூம்பு செல் இருக்கு, ஒண்ணு நீலப் பக்கம், ஒண்ணு பச்சைப் பக்கம், இன்னொண்ணு அதுக்கும் கொஞ்சம் தாண்டி மஞ்சள் சிவப்புப் பக்கம். இந்த மூணும் தனித்தனியா எந்த அலைநீளம் எவ்வளவு வந்துச்சுன்னு கணக்கெல்லாம் வச்சுக்காது, மொத்தமா எவ்வளவு வெளிச்சம் என்னைத் தொட்டுச்சுன்னு ஒரே ஒரு தொகையை மட்டும் மூளைக்கு அனுப்பும். ஆக மூளைக்குக் கிடைக்கறது மூணே மூணு தொகை. நீங்களும் பக்கத்து வீட்டு அக்காவும் மளிகைக் கடைக்குப் போறீங்கன்னு வச்சுக்கங்க, நீங்க பருப்பு, எண்ணெய் வாங்கறீங்க, அவங்க அரிசி, புளி வாங்கறாங்க, ரெண்டு பில்லும் 500 ரூபாய். பில்லை மட்டும் பார்க்கறவங்களுக்கு ரெண்டு பையும் ஒண்ணுதான். நாளைக்கு எண்ணெய் விலை ஏறினா அதே ரெண்டு பைக்கும் பில் வேற வேறயா வரும் இல்லையா? துணியில ஏறின சாயம்தான் அந்தப் பை, லைட்டுதான் விலைப்பட்டியல்.

உங்க சேலை பட்டு, அதுக்குப் போடற சாயம் ஒரு ரகம், ஆசிட் டைன்னு சொல்வாங்க. ப்ளவுஸ் பிட் காட்டனா இருந்தா அதுக்கு ரியாக்டிவ் டை, பாலியஸ்டரா இருந்தா டிஸ்பர்ஸ் டை. மூணுலயும் அரக்கு கொண்டுவரலாம், ஆனா மூணும் வெளிச்சத்துல எதை முழுங்கிட்டு எதைத் திருப்பி அனுப்புதுங்கறது வேற வேற. கடையில இருக்கற எல்இடி எப்படி வெள்ளை வெளிச்சம் தருதுன்னா, உள்ள இருக்கறது நீல எல்இடி, சுமார் 450 நானோமீட்டர்ல பளிச்னு ஒரு நீலம், அது மேல பாஸ்பர்னு, நீலத்தை வாங்கி மஞ்சளாத் திருப்பி விடற ஒரு பொடியைப் பூசியிருப்பாங்க, நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாத் தெரியும். ஆழமான சிவப்பு அதுல கம்மி. வெயில்ல எல்லாமே நிறைய இருக்கு. அரக்கு, மெரூன், ஒயின் கலரெல்லாம் அந்த ஆழமான சிவப்பை நம்பித்தான் இருக்கு, அதனால கடைக்குள்ள தெரியாம ஒளிஞ்சிருந்த வித்தியாசம் வாசல் தாண்டினதும் வெளிய வந்துடுது. சாயப்பட்டறைக்காரங்க இதை மெட்டமெரிசம்னு சொல்வாங்க.

இப்ப என்ன பண்றது? சேலையையும் பிட்டையும் கடை வாசலுக்கு எடுத்துட்டு வந்து நிழல்ல வச்சுப் பாருங்க, நேர் வெயில் வேண்டாம், கண்ணு கூசினா ஒண்ணும் பிடிபடாது. போன் டார்ச் அடிச்சுப் பார்க்கறாங்க சில பேர், அது பிரயோஜனமில்ல, அதுவும் எல்இடிதான். ராத்திரி ரிசப்ஷனுக்குன்னா உள்ள லைட்லயும் பொருந்தணும், அதனால ரெண்டு இடத்துலயும் பாருங்க. சேலையோடவே வர்ற ரன்னிங் ப்ளவுஸ்ல இந்த வம்பே கிடையாது, ஒரே நூல், ஒரே சாயம், எந்த லைட்டுக்குப் போனாலும் ரெண்டும் சேர்ந்தே மாறும். கடைக்காரர் மேல கோபப்படாதீங்க, அவர் நின்ன இடத்துலேர்ந்து அவர் பார்த்தது பொய் இல்ல. ஆனா "வெளிச்சத்துல கொண்டு போய்ப் பாருங்கம்மா"ன்னு தானா சொல்ற கடைக்காரர் இருந்தா அந்தக் கடையை விட்டுடாதீங்க.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில புதுசா மெர்ச்சன்டைசரா சேர்ந்திருக்கேன். லேப் டிப், அதாவது சாயம் போட்ட சாம்பிள் துண்டு, பார்க்கறதுக்கு லைட் பாக்ஸ்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல அஞ்சு ஸ்விட்ச். ஏன் இத்தனை லைட்? அதுக்குள்ள ஏன் சாம்பல் பெயின்ட் அடிச்சு அசிங்கமா வச்சிருக்காங்க? (வாசகர், திருப்பூர்)

தம்பி, ஈரோடு மேடம் கேள்விக்கு உங்க தொழில்ல வச்சிருக்கற பதில்தான் அந்தப் பெட்டி. டி65ன்னு இருக்கறது பகல் வெளிச்சத்துக்கு உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட ஒரு அளவு, சுமார் 6500 கெல்வின் (கெல்வின்னா என்னன்னு அடுத்த பதில்ல வருது). டிஎல்84 ஐரோப்பாக் கடைகள்ல எரிஞ்ச ட்யூப்லைட் மாதிரி, சிடபிள்யூஎஃப் அமெரிக்கக் கடை ட்யூப்லைட் மாதிரி, 'ஏ'ன்னு எழுத்து போட்டிருக்கறது நம்ம பழைய குண்டு பல்பு மாதிரி, 2856 கெல்வின். அஞ்சாவது யூவி, துணியில பளபளப்பு ஏத்தற கெமிக்கல் போட்டிருக்காங்களான்னு காட்டிக் கொடுக்கும். பனியன் இங்க தயாராகுது, அது தொங்கப் போறது இன்னொரு நாட்டுக் கடையில, போடறது வெயில்ல, பார்க்கறது வீட்டு பல்புல. எல்லா இடத்துலயும் காலரும் உடம்பும் ஒரே ஷேடா இருக்கணும், இல்லன்னா பையர் ரிஜெக்ட் பண்ணிடுவான், கன்டெய்னர் போன பிறகு அழுது பிரயோஜனமில்ல. அதனால டி65ல மட்டும் பாஸ் ஆகிடுச்சுன்னு அப்ரூவல் அனுப்பிடாதீங்க, பையர் எந்த லைட்டை முதல் லைட், எதை ரெண்டாவது லைட்னு எழுதியிருக்கார்னு பார்த்துட்டுப் பண்ணுங்க.

சாம்பல் பெயின்ட்டுக்கு ஒரு நல்ல கதை இருக்கு. பாரிஸ்ல கோப்லான்னு அரசாங்கத் திரைச்சீலை நெசவுக்கூடம், அங்க 1824ல மிஷேல் ஷெவ்ரல்னு ஒரு வேதியியல்காரரை சாயப் பிரிவுக்குத் தலைவராப் போட்டாங்க. நெசவாளிங்க அவர்கிட்ட வந்து, கருப்புச் சாயம் சரியில்ல, நீலம் ஊதா பக்கத்துல நெஞ்சா கருப்பு வெளுத்துப் போய்த் தெரியுதுன்னு புகார் சொல்றாங்க. மனுஷன் சாயத்தை அலசோ அலசுன்னு அலசிப் பார்த்தா அதுல ஒரு குறையும் இல்ல. பக்கத்துல இருந்த நீலம்தான் கருப்பைக் கெடுத்திருக்கு, அதுவும் துணியில இல்ல, பார்க்கறவங்க கண்ணுல. ஒரு கலர் பக்கத்துல இருக்கற கலரைத் தனக்கு எதிர்ப்பக்கமாத் தள்ளிவிடும்னு 1839ல பெரிய புத்தகமே போட்டார். அந்தப் பெட்டிக்குள்ள பச்சையோ மஞ்சளோ அடிச்சிருந்தா உங்க ஷேடு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாயும், சாம்பல் எந்தப் பக்கமும் தள்ளாது. ஷேடு பார்க்கற அன்னைக்கு ஆரஞ்சு சட்டை போட்டுட்டுப் போகாதீங்க, அந்த வெளிச்சமும் துணி மேலதான் விழும்.

புது வீடு கட்டியிருக்கோம். ஷேடு கார்டுல பார்த்து இளம் சந்தனக் கலர் சொன்னோம், ஹால்ல அடிச்சதும் பச்சை கலந்த மாதிரி இருக்கு. பெயின்டர் லைட்டை மாத்துங்க சரியாகிடும்ங்கறார். பல்பு அட்டையில 2700, 6500ன்னு என்னவோ போட்டிருக்கே, அதுல எது வாங்கணும்? (வாசகி, மதுரை)

பெயின்டர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. அந்த நம்பர் கெல்வின். நம்பர் கூடக்கூட வெளிச்சம் நீலத்துக்குப் போகும், குறையக்குறைய மஞ்சள் சிவப்புக்கு வரும். அகல் விளக்கு, மெழுகுவர்த்தியெல்லாம் சுமார் 1900, பழைய குண்டு பல்பு 2700, மதிய வெயில் 5500 பக்கம், மேகம் மூடின நாள் 6500, சூரியன் நேரா விழாத நிழல்ல வெறும் நீல வானம் மட்டும் வெளிச்சம் கொடுத்தா 10000 கூடத் தாண்டும். நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் 6500 ட்யூப்லைட்தான், வெள்ளையா இருந்தாத்தான் வெளிச்சம்னு ஒரு பழக்கம், எனக்கு என்னமோ அந்த லைட்ல சாப்பாடு, முகம் ரெண்டுமே வெளிறிப் போன மாதிரித்தான் தெரியும். சந்தனக் கலர்ல இருக்கறதே கொஞ்சம் மஞ்சள்தான், அது மேல நீலம் தூக்கலா இருக்கற லைட் விழுந்தா பச்சை எட்டிப் பார்க்கும். ஹாலுக்கு 3000 இல்ல 4000 போட்டுப் பாருங்க.

அட்டையில இன்னொரு நம்பர் இருக்கும், சிஆர்ஐ. அதுதான் முக்கியம், அதை யாரும் பார்க்கறதே இல்ல. கலரை எவ்வளவு ஒழுங்காக் காட்டும்ங்கறதுக்கு 100க்கு மார்க். குண்டு பல்பு 100, சாதாரண எல்இடி 80, நல்லது 90க்கு மேல. இந்த மார்க் போடறது வெளிறின எட்டு கலரை வச்சு, அடர் சிவப்பு அந்தக் கணக்குலயே வராது, அதுக்கு ஆர்9னு தனி நம்பர். 80 மார்க் வாங்கின பல்பு சிவப்புல ஃபெயில் ஆகியிருக்கலாம், குங்குமம் செத்துப் போய்த் தெரியும். ட்ரெஸ்ஸிங் டேபிள், சமையலறை, பீரோ முன்னாடி, இந்த மூணு இடத்துலயாவது 90 போடுங்க.

ஆனா லைட்டை மாத்தறதுக்கு முன்னாடி ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க, எதிர்ல வேப்பமரமோ பக்கத்து வீட்டுப் பச்சைச் சுவரோ இருக்கா? வெயில் அது மேல பட்டுத் தெறிச்சு உங்க ஹாலுக்குள்ள பச்சை வெளிச்சமாத்தான் வரும். மத்த ரூமுக்காவது ஷேடு கார்டை நம்பாம, ரெண்டு சுவர்ல ரெண்டடிக்கு ரெண்டடி அடிச்சுக் காயவிட்டு காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, லைட் போட்டு ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் சரின்னு சொல்லுங்க.

2015ல இன்டர்நெட்ல ஒரு கவுன் போட்டோ வந்து உலகமே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்டுச்சே, எனக்கு வெள்ளை கோல்டு, என் ரூம்மேட்டுக்கு நீலம் கருப்பு. இன்னைக்கும் எனக்கு அப்படித்தான் தெரியுது. என் கண்ணுல கோளாறா? (கல்லூரி மாணவி, சென்னை)

கோளாறெல்லாம் இல்லம்மா. கவுன் நிஜத்துல நீலமும் கருப்பும்தான், கடையில வித்ததும் அப்படித்தான், ஆனா வெள்ளை கோல்டுன்னு பார்த்த உங்க மூளை அதோட வேலையைத்தான் செஞ்சிருக்கு.

இப்படி யோசிங்க. வெள்ளை வேட்டி வெயில்லயும் வெள்ளை, குண்டு பல்பு வெளிச்சத்துலயும் வெள்ளை. ஆனா பல்புக்குக் கீழ அந்த வேட்டிலேர்ந்து கண்ணுக்கு வர்றது நல்ல மஞ்சள் வெளிச்சம், கேமராவுல ஆட்டோ வைட் பேலன்ஸை ஆஃப் பண்ணிட்டு எடுத்தா மஞ்சள் குளிச்ச மாதிரி வரும். நமக்கு ஏன் வெள்ளையாத் தெரியுதுன்னா மூளை, "இங்க லைட்டே மஞ்சள், அதைக் கழிச்சுடுவோம்"னு கழிச்சுட்டுத்தான் நமக்குக் காட்டுது, நம்மளைக் கேக்கறதும் இல்ல சொல்றதும் இல்ல. போலராய்டு கம்பெனி ஆரம்பிச்ச எட்வின் லேண்ட் இதை ரொம்ப அழகா நிரூபிச்சார். பல கலர் அட்டைகளை ஒட்டி ஒரு போர்டு, மூணு கலர் ப்ரொஜெக்டர். ஒரு பச்சை அட்டைலேர்ந்து கண்ணுக்கு வர்ற வெளிச்சம், கொஞ்சம் முன்னாடி ஒரு சிவப்பு அட்டைலேர்ந்து வந்த வெளிச்சத்துக்கு அச்சு அசலா சமமா இருக்கற மாதிரி ப்ரொஜெக்டரைத் திருகுவார். அப்பவும் பார்க்கறவங்க பச்சையைப் பச்சைன்னுதான் சொன்னாங்க! சுத்தி இருக்கற மத்த அட்டைகளை வச்சு மூளை லைட்டைக் கணக்குப் போட்டுடுது.

அந்த கவுன் போட்டோவுல சிக்கல் என்னன்னா, லைட் என்னன்னு கண்டுபிடிக்க ஒரு துப்பும் இல்ல. பின்னாடி ஒரே வெளிச்சமா வெளுத்துக் கிடக்கு, கவுன் நிழல்ல இருக்கா, மஞ்சள் லைட்டுக்குக் கீழ இருக்கான்னு தெரியல. நிழல்னு முடிவு பண்ணின மூளை நீலத்தைக் கழிச்சது, மிச்சம் வெள்ளை கோல்டு. மஞ்சள் லைட்னு முடிவு பண்ணின மூளை மஞ்சளைக் கழிச்சது, மிச்சம் நீலம் கருப்பு. பாஸ்கல் வாலிஷ்னு நியூயார்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 13,000 பேருக்கு மேல விசாரிச்சு 2017ல எழுதினார், காலைல சீக்கிரம் எழுந்திருக்கறவங்களுக்கு வெள்ளை கோல்டாத் தெரியறது கொஞ்சம் அதிகமாம், ராத்திரி முழிக்கறவங்களுக்கு நீலம் கருப்பாம், பகல் வெளிச்சத்துல பழகின மூளை பகல்னு நினைச்சுக்குது, பல்புல பழகினது பல்புன்னு நினைச்சுக்குது. நீங்க காலைல எழுந்து படிக்கற ஆளா? ரூம்மேட் விடிய விடிய போன் பார்க்கற ஆளா? எழுதிப் போடுங்க.

வாசல்ல செம்பருத்தி இருக்கு. பகல்ல பூ தீயா இருக்கும், இலை சாதாரணமா இருக்கும். இருட்டற நேரத்துல பூ கருப்பா மாறிடுது, இலை மட்டும் தெளிவாத் தெரியுது. செடியில ஏதும் நோயா? (வாசகர், நாகர்கோவில்)

செடி நல்லா இருக்கு சார், நீங்க பார்த்திருக்கறது 200 வருஷப் பழைய கண்டுபிடிப்பு. செக் நாட்டு விஞ்ஞானி ஜான் புர்கினே தோட்டத்துல பூக்களை விடியற்காலை அரை இருட்டுல பார்த்துட்டு, சிவப்பு கடைசியாத்தான் தெரியவருது, நீலம் முன்னாடியே தெரிஞ்சுடுதுன்னு 1825ல எழுதி வச்சார். கண்ணுல ரெண்டு செட் செல் இருக்கு, பகலுக்குக் கூம்பு செல் சுமார் 60 லட்சம், ராத்திரிக்குக் கோல் செல் 9 கோடிக்கு மேல. கூம்புக்கு பச்சை மஞ்சள், அதாவது 555 நானோமீட்டர் பக்கம் நல்லாத் தெரியும், கோலுக்கு 507, நீலப் பச்சை. சிவப்புக்குக் கோல் செல் ஏறக்குறைய குருடு. பொழுது சாயச் சாய பகல் ஷிஃப்ட் இறங்கி ராத்திரி ஷிஃப்ட் ஏறும்போது இலை மேல வருது, பூ அணையுது. இன்னும் இருட்டினா கலரே போயிடும், கோல் செல் எல்லாம் ஒரே ரகம், ஒரே ரகத்தை வச்சுக்கிட்டு கலர் பிரிக்க முடியாது.

கோல் செல் சிவப்பைக் கண்டுக்காதுங்கறதுல ஒரு லாபமும் இருக்கு. இருட்டுல கண்ணு முழுசாப் பழக அரை மணி நேரம் ஆகும், வெள்ளை லைட் ஒரு நிமிஷம் பட்டாலே அத்தனையும் போச்சு, மங்கலான சிவப்பு லைட்னா அவ்வளவாக் கெடாது. நட்சத்திரம் பார்க்கப் போறவங்க சிவப்பு டார்ச் வச்சிருக்கறது இதுக்குத்தான்.

அம்மாவுக்கு 68 வயசு. வலது கண்ணுல மட்டும் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கு. இப்ப அந்தக் கண்ணுல பார்த்தா எல்லாம் நீலமா இருக்கு, ட்யூப்லைட் கூசுதுங்கறாங்க, "நல்லா இருந்த கண்ணைக் கெடுத்துட்டாங்க"ன்னு தினமும் புலம்பல். (வாசகி, திருநெல்வேலி)

அம்மாகிட்ட ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒவ்வொரு கண்ணா மூடி மூடிப் பார்க்கச் சொல்லுங்க. இடது கண்ணுல சுவர் டீ கறை படிஞ்ச மாதிரி இருக்கும், வலதுல பளிச்னு இருக்கும். வயசாக ஆக கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளாகி, புரை வந்தா பழுப்பாகி, நீல வெளிச்சத்தை உள்ள விடாமத் தடுத்துக்கிட்டே வரும். ஒரே நாள்ல ஆகாததால யாருக்கும் தெரியாது, மூளையும் அதுக்கேத்த மாதிரி கழிச்சுக்கிட்டே வந்திருக்கும். ஆபரேஷன்ல அந்தப் பழுப்பு லென்ஸை எடுத்துட்டுத் தெளிவான லென்ஸ் வச்சதும் இத்தனை வருஷம் வராத நீலம் திடுதிப்னு வந்து நிக்குது, மூளை பழைய கணக்கையே போட்டுக்கிட்டு இருக்கு. சில வாரத்துலேர்ந்து சில மாசத்துக்குள்ள புதுக் கணக்குக்கு மாறிடும், இன்னொரு கண்ணும் ஆபரேஷன் ஆகிட்டா ரெண்டும் ஒண்ணாகிடும். வலி, சிவப்பு, மின்னல் மாதிரி வெட்டறது, பார்வை குறையறது இருந்தா மட்டும் காத்திருக்காதீங்க, உடனே ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்டப் போங்க.

அம்மாவுக்குத் துணைக்கு ஒரு பெரிய ஆள் இருக்கார்னு சொல்லுங்க, பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மோனே. ஒரே சர்ச்சை காலை, மதியம், சாயங்காலம்னு வெளிச்சம் மாற மாற 30 படத்துக்கு மேல வரைஞ்ச மனுஷன், ரூவான் சர்ச், 1890கள்ல. வெளிச்சத்தையே பிழைப்பா வச்சிருந்தவருக்குப் புரை வந்தது, கடைசிக் காலப் படங்கள்ல சில தோட்டம் செம்பழுப்பா எரியுது. 1923ல ஒரு கண்ணுக்கு ஆபரேஷன், அதுக்கப்புறம் அவரும் உங்க அம்மா மாதிரியே எல்லாம் நீலம்னு டாக்டரைத் திட்டித் தீர்த்தார்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கான்னு வீட்டுலயே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? ரூம்ல ஒருத்தர் மஞ்சள்ங்கறார், ஒருத்தர் இல்லங்கறார். (ஒரு தகப்பன், கோவை)

சந்தேகப்படறதுக்கு வீடு போதும், முடிவு பண்றதுக்குப் போதாது. மஞ்சள் பல்புக்குக் கீழ எல்லாக் குழந்தையும் மஞ்சள்தான், 6500 ட்யூப்லைட்டுக்குக் கீழ நிஜ மஞ்சளும் மறைஞ்சுடும். சுவர் மஞ்சள், போர்த்தின துண்டு மஞ்சளா இருந்தா அதுவும் முகத்துல அடிக்கும். பகல்ல ஜன்னல் பக்கம் கொண்டு வந்து, லைட்டை அணைச்சுட்டு, வெள்ளைத் துணியில வச்சு, நெத்தியையும் நெஞ்சையும் விரலால லேசா அழுத்தி எடுத்துட்டுப் பாருங்க, கண்ணோட வெள்ளையையும் ஈறையும் பாருங்க, நம்ம ஊர் மாநிறக் குழந்தைகளுக்குத் தோலை விட இது நல்லாக் காட்டும். நிறைமாசக் குழந்தைகள்ல 100க்கு 60 பேருக்கு முதல் வாரத்துல கொஞ்சம் மஞ்சள் வரும், பெரும்பாலும் தானா போயிடும், ஆனா அளவு மீறினா மூளையைப் பாதிக்கும், அதனால ரத்தத்துல பிலிருபின், அதாவது இந்த மஞ்சளைக் கொடுக்கற பொருள், எவ்வளவுன்னு பார்த்துத்தான் சொல்லணும். இளவெயில்ல காட்டினா சரியாகிடும்னு ஆஸ்பத்திரி போகாம இருக்காதீங்க. அங்க நீல லைட்டுக்குக் கீழ படுக்க வச்சிருக்கும்போது குழந்தை வெளுத்துத் தெரிஞ்சா "மஞ்சள் போயிடுச்சு"ன்னும் சந்தோஷப்படாதீங்க, நீல வெளிச்சத்துல மஞ்சள் தெரியாது. நர்ஸுங்களே லைட்டை அணைச்சுட்டுத்தான் பார்ப்பாங்க.

நகைக் கடையில ஒரு லைட், கறிக்கடையில ஒரு லைட், சூப்பர் மார்க்கெட் தக்காளி மேல ஒரு லைட். இதெல்லாம் ஏமாத்து வேலை இல்லையா? (வாசகர், சேலம்)

நகைக் கடையை விட்டுடலாம், தங்கம் பக்கம் 3000 கெல்வின்ல மஞ்சள் லைட் போட்டு வைரம் பக்கம் வெள்ளை லைட் போடறது அலங்காரம்தான், தங்கத்தை எப்படியும் எடை போட்டு ஹால்மார்க் பார்த்துத்தான் வாங்கப் போறீங்க. கறி விஷயம் அப்படி இல்ல. ஆட்டுக்கறி நேரமாக ஆக சிவப்புலேர்ந்து ப்ரவுனுக்குப் போகும், அதைப் பார்த்துத்தான் நாம புதுசா பழசான்னு சொல்றோம், அது மேல ரோஸ் கலந்த லைட்டைப் போட்டா அந்த ஒரு அடையாளமும் போச்சு. இதை ஏமாத்துன்னுதான் நான் சொல்வேன். சீனாவுல 2023 டிசம்பர் 1லேர்ந்து இந்த மாதிரி லைட்டைத் தடை பண்ணிட்டாங்க, காய், கறி, மீனோட நிஜ நிறத்தை மாத்திக் காட்டற விளக்கு கடையில இருக்கக் கூடாது. நீங்க செய்யக் கூடியது, கவர்ல போடறதுக்கு முன்னாடி கையில எடுத்து அந்த லைட்டை விட்டு ரெண்டடி தள்ளிப் பாருங்க, மோந்தும் பாருங்க, மூக்குக்கு லைட் கிடையாது.

ரத்தினபுரியிலை ஒருத்தர் ஒரு கல் காட்டினவர். பகலிலை பச்சை, இரவிலை குண்டு பல்ப் வெளிச்சத்திலை சிவப்பு. உண்மையா, வித்தையா? (வாசகர், கொழும்பு)

உண்மைதான் ஐயா, அலெக்சாண்ட்ரைட். ரஷ்யாவுல ஊரல் மலையில 1830கள்ல கிடைச்சது, பின்னாடி ஜார் ஆன அலெக்சாண்டர் பேரை வச்சாங்க, இலங்கையிலயும் கிடைக்கும். அதுல இருக்கற குரோமியம் நடுவுல மஞ்சள் பக்கத்தை முழுங்கிட்டு பச்சைக்கும் சிவப்புக்கும் ரெண்டு வாசல் திறந்து வச்சிருக்கு, வெயில்ல பச்சை ஜெயிக்கும், குண்டு பல்புல சிவப்பு ஜெயிக்கும். ஆனா வனேடியம் கலந்து செயற்கையாச் செஞ்ச கல்லும் இப்படி மாறும், அதை இந்தப் பேர்ல ரொம்ப காலமா வித்துக்கிட்டு இருக்காங்க. அதனால கலர் மாறுதுன்னு மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீங்க, லேப் சர்டிபிகேட் கேளுங்க.

என் மயில்கழுத்து கலர் பட்டு நின்னா நீலம், திரும்பினா பச்சை. இதுவும் லைட் பண்ற வேலைதானா? (வாசகி, வேலூர்)

இல்ல, இது நெசவு பண்ற வேலை. பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஒரு கலர், ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒரு கலர், பார்க்கற கோணத்தைப் பொறுத்து எந்த நூல் அதிகமாத் தெரியுதோ அது மேல வரும். ஒரே லைட்டுக்குக் கீழ நின்னுக்கிட்டே மடிப்பை ஆட்டினாலும் மாறும் பாருங்க. இந்தச் சேலைக்கு ப்ளவுஸ் மேட்ச் பண்றேன்னு கிளம்பிடாதீங்க, பார்டர் கலர்ல எடுத்துடுங்க.

ராத்திரி பைபாஸ்ல ஒரு கார் இடிச்சுட்டு நிக்காமப் போச்சு. ப்ரவுன் கார்னு போலீஸ்ல சொன்னேன், மாட்டினது சிவப்பு கார். என்னைப் பொய் சொல்றேங்கற மாதிரி பார்க்கறாங்க. (டிரைவர், திருச்சி)

அந்த இடத்துல தெருவிளக்கு மஞ்சளா இருந்துச்சா அண்ணே? சோடியம் விளக்குன்னா நீங்க பார்த்தது தப்பே இல்ல. அதுல பழைய ரகம் ஒண்ணு, ஐரோப்பா ரோடுகள்ல நிறைய இருந்தது, 589 நானோமீட்டர்ல ஒரே ஒரு மஞ்சள் மட்டும்தான் விடும், அதுக்குக் கீழ எல்லாக் காரும் மஞ்சள் சாம்பல் கருப்புதான், கலர்ங்கற பேச்சே கிடையாது. நம்ம ஊர்ல அதிகமா இருந்த ஹை பிரஷர் ரகம் கொஞ்சம் தேவலை, ஆனா அதோட சிஆர்ஐயும் 20, 25 தான், சிவப்பு ப்ரவுனாவும் நீலம் கருப்பாவும் போகும். 2015லேர்ந்து எல்இடியா மாத்திக்கிட்டே வர்றாங்க, இருந்தும் எல்லா இடமும் மாறல. அந்தக் கம்பத்துல என்ன விளக்குன்னு போட்டோ எடுத்து ஸ்டேஷன்ல காட்டுங்க.

காலைல பளிச்னு போட்டுட்டுப் போன வெள்ளை வேட்டி மண்டபத்துக்குள்ள போனதும் மங்கிடுது. சொட்டு நீலம் இன்னும் கூடப் போடணுமா? (வாசகர், கரூர்)

போடாதீங்க, நீல வேட்டி ஆகிடும். துணிக்கு ரெண்டு வழியில வெளுப்புக் கொடுக்கறோம். சொட்டு நீலம் மஞ்சளை மறைக்கற சாயம், அது எந்த லைட்லயும் வேலை செய்யும். சோப்புப் பவுடர்ல இருக்கறது, நம்ம வீட்டுல டினோபால்னு சொல்வாங்களே அந்த ரகம், அது வெயில்ல இருக்கற கண்ணுக்குத் தெரியாத யூவியை வாங்கி நீல வெளிச்சமாத் திருப்பி விடும், அதனாலதான் வெயில்ல வேட்டி வெள்ளைக்கும் மேல வெள்ளையா ஜொலிக்குது. மண்டபத்து எல்இடியில யூவி கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அந்த எக்ஸ்ட்ரா ஜொலிப்பு எங்கேர்ந்து வரும்? சட்டையும் வேட்டியும் வேற வேற கம்பெனின்னா உள்ள போனதும் ஒண்ணு வெள்ளை, ஒண்ணு பழுப்புன்னு தனியாத் தெரியறதும் இதனாலதான். செட்டா வாங்கி, செட்டாத் துவைங்க.